என்ன மிருகத்துக்கு?

சென்ற தீபாவளிக்கு மறுநாள் காலை ஊரிலிருந்து என் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் சரியில்லை. "அண்ணே, உன் மருமகன் மான் சுடப் போறானாம். நம்ம குடும்பத்துல முட்டை உடைச்சவன்கூட கிடையாது. நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அழுதாள்.

அவள் மகன் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிப் பல வருடங்களாகின்றன. அங்கே நவம்பர் மாதக் கடைசியில் ஒன்பது நாட்கள் துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதி உண்டு. அலுவலகமே பாதி காலியாகிவிடுமாம். கூட வேலை பார்க்கும் நண்பர் அழைக்க, இவனும் சரி என்று சொல்லிவிட்டான்.

அன்றிரவே அவனுடன் பேசினேன். நான் புத்தி சொல்வதற்கு முன்பே அவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டான். "மாமா, அம்மா அழுதிருப்பாங்க, அது தெரியும். தாத்தா துப்பாக்கிக் கடையிலதானே இருந்தாங்க? நீங்களும் இருந்தீங்க. மானுக்கு எந்தக் குண்டு சரின்னு சொல்லுங்க. இங்க கடைக்குப் போனா ஐம்பது தினுசு அடுக்கி வச்சிருக்கான்."

வாசக அன்பர்களே, நம் சங்க மலரில் துப்பாக்கிக் குண்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பான பதில் கொடுத்திருக்கிறேன். அறுபது வருடமாக அது என்னோடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புறாவுக்குத் தானியம், புலிக்குத் தோட்டா

எங்கள் அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். மிளகு, சுக்கு, ஏலம் மணக்கும் இந்தத் தெருக்களில் தமிழன், குஜராத்தி, கொங்கணி, கச்சி மேமன் என்று எல்லாருக்கும் ஒரு மூலை கிடைத்ததுபோல எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. தினமும் காலையில் மட்டாஞ்சேரி படகுத்துறையில் படகேறி எர்ணாகுளம் போவார். அங்கே ஒரு துப்பாக்கிக் கடையில் கணக்கர் வேலை. கடை இப்போது இல்லை. பெயரும் வேண்டாம்.

நாங்கள் சுத்த சைவம். குஜராத்தித் தெருவில் இருக்கும் ஜைனக் கோயிலில் மத்தியான வேளையில் புறாக்களுக்குத் தானியம் போடுவார்கள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என் கையைப் பிடித்து அதைப் பார்க்க அழைத்துப் போவார். மறுநாள் திங்கட்கிழமை அதே கையால் தோட்டாப் பெட்டிகளை எண்ணி அடுக்குவார். "என்னப்பா இது?" என்று நான் ஒருமுறை கேட்டபோது, "நான் விக்காட்டி இன்னொருத்தன் விப்பான். ஆனா நான் வித்தா கேட்டு விப்பேன்" என்றார். அந்தக் 'கேட்டு' என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் இருந்த துரைமார்கள். மூணாறுப் பகுதியில் 1895லேயே வேட்டையை ஒழுங்கு செய்ய ஒரு சங்கம் ஏற்பட்டது. நீலகிரியில் அதற்கும் முன்பே, 1879ல், எந்தக் காலத்தில் வேட்டையாடலாம், எப்போது கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. மூணாறுச் சங்கத்தார் முதுவர் இனத்து ஆட்களைக் காவலுக்கு வைத்தார்கள். வரையாட்டில் முதுகு வெளுத்த முதிர்ந்த கிடாவைத்தான் சுடலாம் என்றும் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அந்த இரவிகுளம் மேட்டுநிலம்தான் பின்னாளில் 1975ல் சரணாலயமாகவும், 1978ல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. வேட்டைக்காகக் காத்த நிலம் கடைசியில் வரையாட்டையே காத்துக் கொடுத்தது.

இரண்டரைப் பவுன் ஈயம்

நம் வீட்டுப் பெண்களுக்கும் புரியும்படி கணக்கைச் சொல்கிறேன். தோட்டா என்பது முழுப் பொருள். பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, அடியில் பற்றவைக்கும் மூடி, நுனியில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். அதன் எடையைக் 'கிரெயின்' என்ற அளவில் சொல்வார்கள். 7000 கிரெயின் ஒரு ராத்தல். ஒரு பவுன் தங்கம் எட்டு கிராம் அல்லவா? 150 கிரெயின் குண்டு ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேல். 300 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட இரண்டரைப் பவுன். துரைமார்கள் பெரிதும் விரும்பிய .375 மாக்னம் துப்பாக்கியில் அந்த இரண்டரைப் பவுன் ஈயம் ஒலியைவிட இருமடங்குக்கும் அதிகமான வேகத்தில் பாயும்.

ஆனால் எடையும் வேகமும் பாதிக் கதைதான். மீதி, குண்டின் உடை. ஈயம் மெதுவான உலோகம். அதைச் செம்புக் கலவையாலோ நிக்கலாலோ உறை போட்டு மூடுவார்கள். நுனிவரை முழுசாக மூடினால் அதற்குக் கடையில் 'சாலிட்' என்று பெயர். நுனியில் மட்டும் ஈயத்தைத் திறந்து விட்டால் 'சாஃப்ட் நோஸ்'.

அப்பா இதற்கு ஒரு குடையைக் காட்டுவார். மடக்கிய குடையோடு கூட்டத்துக்குள் நுழைந்தால் யார்மேலும் படாமல் மறுபக்கம் வந்துவிடலாம். உள்ளே போனதும் குடையை விரித்தால்? சாலிட் குண்டு மடக்கிய குடை. மானின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சின்னத் துளையோடு போய்விடும். சாஃப்ட் நோஸ் தோலைத் தாண்டியதும் காளான் குடைபோல விரியும். நுரையீரலிலும் இதயத்திலும் பெரிய காயம் உண்டாகும். மிருகம் நின்ற இடத்திலோ நாலெட்டு தள்ளியோ விழும்.

அப்படியானால் எப்போதும் விரியும் குண்டே நல்லதா என்றால், அதுவும் இல்லை. காட்டெருமை ஆயிரம் கிலோ வரை வளரும். அதன் தோளில் மெத்தென்ற குண்டு பட்டால் எலும்பைத் தாண்டுவதற்குள் சிதறிப் போகும். அதற்குச் சாலிட்தான் வேண்டும். மானிலும்கூட, மிக லேசான குண்டு மிக வேகமாகப் போனால் தோளிலேயே வெடித்துச் சிதறி மேல்காயத்தோடு நின்றுவிடும். 1946ல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் பெரிய மூஸ் மானைச் சுட்டபோது இதுதான் நடந்தது. அந்த வேதனையில் அவர் நடுவில் ஒரு தடுப்பு வைத்த குண்டைச் செய்து 1948ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி விரியும், பின்பாதி கலையாமல் உள்ளே போகும். இன்றும் அந்தக் குண்டு கடையில் கிடைக்கிறது.

அப்பாவின் மேசையில் ஒரு பழைய நோட்டு இருக்கும். மிருகம், எடை, குண்டு என்று மூன்று பத்திகள். மிளா (நம் ஊரில் கடமான்) 200 முதல் 300 கிலோ: .375ல் சாஃப்ட் நோஸ், அல்லது முப்பது-நாட்-ஆறில் 180 கிரெயினுக்குக் குறையாத கனமான குண்டு. புள்ளிமான் 80 கிலோ அளவு: முப்பது-நாட்-ஆறில் 150 கிரெயின், அல்லது இச்சாப்பூர் .315. கேழையாடு 25 கிலோவுக்குள்: ரைபிளே வேண்டாம், பன்னிரண்டு போர் துப்பாக்கி போதும். காட்டெருமை: சாலிட் மட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், "என்ன மிருகத்துக்கு என்று கேள்" என்று எழுதியிருந்தார்.

நான் கேட்கவில்லை

1966ல் எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவுக்கு உதவியாக அதே கடையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று அப்பாவுக்குக் காய்ச்சல். மலையிலிருந்து வந்த ஒரு தோட்டத்துத் துரை அவசரத்தில் இருந்தார். வாசலில் ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. ".375 ஒரு பாக்கெட்" என்று லைசென்ஸ் புத்தகத்தை நீட்டினார். வெளிநாட்டுத் தோட்டா வரத்துக் குறைந்திருந்த காலம். அலமாரியில் கைக்கு எட்டிய சிவப்பும் மஞ்சளுமான கைனாக் பெட்டியை எடுத்தேன். எண்ணிக்கையைப் புத்தகத்தில் ஒழுங்காகப் பதிந்தேன். பணம் வாங்கினேன். பெட்டியின் மேல் 'சாலிட்' என்று அச்சிட்டிருந்தது. அவரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், சாமான் வாங்க வந்தவர், கடைக்கு எட்டிப் பார்த்தார். பேச்சுவாக்கில் சொன்னார். துரை சாயங்காலத்தில் ஒரு மிளாவைச் சுட்டாராம். குறி ஒரு சாண் பின்னால் விழுந்து கடைசி விலாவின் ஓரம் பட்டுவிட்டதாம். மிளா ஒரு தடவை குலுங்கியதோடு சரி, ஓடிவிட்டது. தரையில் ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது. சோலைக்குள் போனதும் அதுவும் இல்லை. இருட்டிவிட்டது. மறுநாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் நாற்றத்தை வைத்து ஓடைக்கரையில் கண்டுபிடித்தார்கள். இந்தப் பக்கம் ஒரு விரல் நுழையும் துளை, அந்தப் பக்கமும் அதே அளவுத் துளை. "ரெண்டு ராத்திரி உயிரோட இருந்திருக்கு அண்ணாச்சி. படுத்த இடமெல்லாம் புல்லு மசிஞ்சு கிடந்துச்சு. தண்ணிக்குத்தான் இறங்கி வந்திருக்கு" என்றார்.

அவர் போனபின் அப்பா பேரேட்டைப் புரட்டினார். என் கையெழுத்தைப் பார்த்தார். "ஏலே, என்ன மிருகத்துக்குன்னு கேட்டியா?" என்றார். நான் பேசவில்லை.

அப்பா திட்டவில்லை. "குறி ஒரு சாண் தப்புனது அவர் குத்தம். மனுஷனுக்கு ஒரு சாண் தப்பத்தான் செய்யும். அந்த ஒரு சாணுக்கு இடம் கொடுக்காத குண்டைக் கொடுத்தது நம்ம குத்தம்" என்றார். அன்று படகில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் அந்த வருடக் கடைசியில் கடையை விட்டு விலகி மிளகு வியாபாரத்துக்குக் கணக்கு எழுதப் போய்விட்டேன். மிளகுக் கணக்கில் தப்பு விட்டால் திருத்திக்கொள்ளலாம்.

டம்டம் என்ற ஊர்

பின்னால் நிறையப் படித்தேன். ஆச்சரியமான ஒரு விஷயம் தெரிந்தது. கல்கத்தா விமான நிலையத்தை முன்பெல்லாம் டம்டம் விமான நிலையம் என்போம். அந்த டம்டத்தில் ஆங்கிலேயரின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. 1890களின் பிற்பகுதியில் அங்கேதான் .303 குண்டின் நுனி உறையை நீக்கி ஈயத்தைத் திறந்துவிட்டார்கள். எல்லைப்புறப் போர்களில் முழு உறைக் குண்டு பட்டும் எதிரிகள் விழவில்லை என்பது அவர்கள் குறை. உடம்புக்குள் விரியும் குண்டுக்கு உலகம் முழுவதும் 'டம்டம்' என்றே பெயர் நிலைத்தது.

இது கொடுமை என்று கண்டனம் எழுந்தது. 1899ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், மனித உடலில் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தன. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் 1991ஆம் வருட மான் சட்டம், மானை ரைபிளால் சுடுவதானால் விரியும் குண்டால்தான் சுட வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களிலும் முழு உறைக் குண்டு மானுக்குத் தடை.

போரில் தடை, வேட்டையில் கட்டாயம். முரண்போலத் தெரியும். யோசித்தால் இல்லை. போரில் காயம்பட்ட சிப்பாயைத் தூக்கிச் செல்ல ஆள் வரும், டாக்டர் வருவார், பிழைப்பான். காயம்பட்ட மானுக்கு யார் வருவார்? அதற்கு நாம் காட்டக்கூடிய ஒரே இரக்கம் சீக்கிரமான முடிவுதான். அப்பா இந்தச் சட்டம் எதையும் படித்தவரில்லை. ஆனால் நோட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதி வைத்திருந்தார்.

இன்று நம் நாட்டில்

இளைய வாசகர்கள் குழம்பக் கூடாது. நம் நாட்டில் இன்று மானைச் சுடுவது குற்றம். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் வாங்கி வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. புள்ளிமானோ, மிளாவோ, சருகுமானோ, சுட்டால் சிறைதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் தோட்டாக் கேள்வி கேரளத்தில் வேறு வழியில் திரும்ப வந்திருக்கிறது. காட்டுப்பன்றிகள் கப்பையையும் வாழையையும் அழிப்பதாலும், மனிதரைத் தாக்குவதாலும், 2022 மே மாதம் கேரள அரசு, பஞ்சாயத்துத் தலைவர் உள்ளிட்ட உள்ளாட்சித் தலைவர்களுக்கே அவற்றைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது. லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்களைத்தான் அழைக்கிறார்கள்.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் மட்டாஞ்சேரியை விட்டுக் கோதமங்கலம் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறியவர். அவர் தோட்டத்திலும் இப்படி ஒரு பன்றியைச் சுட்டார்கள். "அண்ணாச்சி, ராத்திரி முழுக்கக் கத்துச்சு, எங்க கிடக்குன்னு தெரியல. பிள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டுப் படுத்துச்சு" என்றார். எந்தத் தோட்டா என்று விசாரித்தேன். பன்னிரண்டு போர், எஸ்.ஜி. ரவை, அறுபது எழுபது கெஜத்திலிருந்து. எஸ்.ஜி.யில் ஒன்பது ரவைதான் இருக்கும். அந்தத் தூரம் போவதற்குள் அவை பரந்துவிடும். தடித்த தோலும் கொழுப்பும் உள்ள பன்றியின் மேல் ஒன்றோ இரண்டோ தப்பான இடத்தில் படும். அதற்கு ஒற்றைக் குண்டுத் தோட்டா வேண்டும், அல்லது .315 சாஃப்ட் நோஸ் வேண்டும். ரவைதான் கையில் இருக்கிறது என்றால் முப்பது கெஜத்துக்குள் வரும்வரை பொறுக்க வேண்டும். அடிபட்ட பன்றி காலையில் புல் அறுக்கப் போகும் பெண்மேல் பாய்ந்தால் என்ன ஆகும்? அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் தலைவர்கள், சுடப் போகிறவர் என்ன தோட்டா வைத்திருக்கிறார் என்றும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

மருமகனுக்குச் சொன்னது

கடைசியில் என் மருமகனுக்கு என்ன சொன்னேன்? போகாதே என்று சொல்லவில்லை. அவன் நாற்பது வயதுக்காரன். அந்த மாநிலத்துச் சட்டப்படி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கியிருந்தான். இப்படித்தான் சொன்னேன்:

"அங்கத்து வெள்ளைவால் மான் நம்ம புள்ளிமானைவிடக் கொஞ்சம் பெரிசு. நண்பர் கொடுக்கிற துப்பாக்கி .308ன்னா 150இலிருந்து 165 கிரெயின், விரியும் குண்டு. முழு உறை போட்டது மலிவா கிடைக்கும், பயிற்சிக்கு மட்டும் வச்சுக்கோ. வேட்டைக்கு எந்தக் குண்டோ அதையே முன்கூட்டி இருபது தடவை சுட்டுப் பழகு. ஒவ்வொரு தினுசும் ஒவ்வொரு இடத்தில் அடிக்கும்.

"இறைச்சியை வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுவதானால் செம்புக் குண்டு வாங்கு. ஈயக் குண்டு உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காயத்தைச் சுற்றிப் பரவும். எக்ஸ்ரேயில் பார்த்தால் தெரியும். ஈயம் குழந்தைகள் மூளைக்குக் கெடுதல். வேட்டைமிச்சத்தைத் தின்னும் பெரிய கழுகுகளும் அதனால் சாகின்றன. அதனால்தான் கலிபோர்னியாவில் 2019இலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் 150 கிரெயினே போதும்.

"மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால் பார். நேராக உன்னைப் பார்த்து நின்றாலும், ஓடினாலும், தூரம் உனக்குப் பழக்கமில்லாத தூரமாக இருந்தாலும் சுடாதே. சுட்டபின் விழவில்லையென்றால், அது கிடைக்கும்வரை நீ வீட்டுக்குப் போகாதே."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உடைந்தது. அவனுக்கு அந்த மிளாவின் கதையையும் சொன்னேன். என் மனைவிக்குக்கூட அதுவரை நான் சொன்னதில்லை.

நவம்பர் கடைசியில் அவனே கூப்பிட்டான். பனியில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு ஐந்து நாள் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தானாம். நான்காம் நாள் ஒரு நல்ல கொம்புமான் வந்தது. ஆனால் இருநூறு கெஜத்துக்கு மேல். காற்றும் இருந்தது. அவன் பழகியது நூறு கெஜம்.

"கையெல்லாம் நடுங்குச்சு மாமா. சுட்டிருக்கலாம். பட்டிருக்கவும் பட்டிருக்கும். ஆனா நீங்க சொன்ன ஓடைக்கரை ஞாபகம் வந்துச்சு. விட்டுட்டேன். கூட வந்தவன் சிரிச்சான்" என்றான்.

"சிரிக்கட்டும்" என்றேன். உடனே தங்கையைக் கூப்பிட்டு, உன் மகன் மானைச் சுடவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் முருகனுக்கு அர்ச்சனை செய்வதாகச் சொன்னாள். ஏன் சுடவில்லை என்பதை அவன் ஊருக்கு வரும்போது அவனே சொல்லட்டும்.

அப்பாவின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கரையான் அரித்து மூன்றாம் பத்தி பாதி போய்விட்டது. முதல் பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை மருமகன் வரும்போது அதை அவனிடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.